முதல் பெட்டிக்காரர்

மலை ரயில் வளைவில் திரும்பும்போதெல்லாம் முதல் பெட்டி எங்கள் ஜன்னலுக்கு நேரே வரும். நாங்கள் இருந்தது கடைசிப் பெட்டி. அந்த முதல் பெட்டி ஜன்னலிலிருந்து வெள்ளைத்தலைக் கிழவர் ஒருவர் என் மனைவிக்குக் கையாட்டினார். இவளும் ஆட்டினாள். மூன்று வளைவு, மூன்று முறை.

“யாருடி அந்தாளு?”

“தெரியலையே. பாவம், தனியா வந்திருக்கார் போல.”

“நாப்பது வருஷத்துல எனக்கு இப்படி ஒரு தடவை கையாட்டியிருக்கியா?”

“நீங்கதான் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கீங்களே, எங்க ஆட்டுறது?”

எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த நிறுத்தத்தில், இடம் பறிபோகாமலிருக்க மப்ளரை இருக்கையில் போட்டுவிட்டு, அந்த ஆளை நாலு கேள்வி கேட்க முதல் பெட்டிக்கு ஓடினேன். உள்ளே ஒருவரும் இல்லை. ஜன்னலோர இருக்கை மட்டும் சூடாக இருந்தது. அதற்குள் வண்டி கிளம்பிவிட்டதால் அதிலேயே உட்கார்ந்தேன்.

வளைவு வந்தது. கடைசிப் பெட்டி ஜன்னலில் என் மனைவி சிரித்தபடி கையாட்டினாள், எனக்கு! நானும் ஆட்டினேன். அவள் பக்கத்தில், என் இடத்தில், என் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, அச்சு அசல் என்னைப் போலவே ஒரு கிழவன் என்னை முறைத்துக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வயிறு எரிகிறது போலும். நான் இன்னும் பலமாகக் கையாட்டினேன்.