மாமியார் அறையில் ரூட்டர்

“ரூட்டரை மட்டும் அங்கேருந்து எடுக்காதே தம்பி. மத்ததை என்ன வேணா பண்ணிக்கோ.”

மாமியார் உம்சுனாய் கட்டிலில் உட்கார்ந்தபடி சொன்னாள். வைஃபையைச் சரிபண்ண வந்த நூர்பெக் மருமகளைப் பார்த்தான். கூடத்தில் வைத்தால் வீடு முழுக்க சிக்னல் கிடைக்கும், இப்படிக் கடைசி அறைச் சுவரில் ஒட்டிவைத்தால் பாதி பக்கத்து வீட்டுக்குத்தான் போகும் என்று அவன் ஏற்கெனவே சொல்லிவிட்டான்.

போனால் போகட்டும் என்றாள் மாமியார். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் அவளுடைய தோழியாம், முழங்கால் போன கிழவி, இந்த வைஃபையில்தான் வெளியூர் மகனோடு பேசுகிறாளாம். பிஷ்கெக் நகரின் அந்தப் பழைய கட்டடத்தில் ஒரே சுவரைப் பங்கிட்டவர்களுக்கும் வேறு வேறு வாசல், வேறு படிக்கட்டு. மருமகள் மீர்குல் அந்தக் கிழவியைப் பார்த்ததே இல்லை. மாமியார்தான் தினமும் சூப் கொண்டுபோவாள். இப்போதும் அங்கிருந்துதான் வந்திருந்தாள். காலிக் கிண்ணம் மடியில் இருந்தது.

ரூட்டர் எங்கே இருந்தால் மீர்குலுக்கு என்ன? அவளுக்கு எர்லானின் முகத்தைப் பார்க்க வேண்டும். சைபீரியாவுக்குக் கட்டட வேலைக்குப் போன கணவன். குரல் மட்டும் வரும். நம்ம வீட்டு லைன் சரியில்லை, படம் வராது என்று சொல்லி வைத்துவிடுவான். அந்தப் பக்கம் எங்கோ சாரம் சரிந்து ஆட்கள் செத்ததாகக் காதில் விழுந்த நாளிலிருந்து குரலும் இல்லை.

“பிள்ளை இருக்கானா இல்லையான்னே தெரியல. உங்களுக்கு எப்படி அபா ரொட்டி இறங்குது?” என்று காலையில்தான் மாமியாரைக் கேட்டிருந்தாள்.

“பட்டினி கெடந்தா வந்துடுவானா?” என்று அவள் இன்னொரு துண்டை டீயில் நனைத்தாள்.

ரூட்டரோடு ஒரு சேமிப்புப் பெட்டி இணைந்திருந்தது. வீட்டிலுள்ளவர்களின் போன் படமெல்லாம் தானாக அதில் ஏறும்படி எர்லான் மாட்டிவைத்துப் போனது. நூர்பெக் மடிக்கணினியில் அதைத் திறந்து பார்த்தான்.

“வேகத்தையெல்லாம் இதுதான் தின்னுது அக்கா. யாரோ இப்ப வீடியோ ஏத்திக்கிட்டு இருக்காங்க.”

மீர்குலின் போன் அணைந்து கிடந்தது. மாமியாருடையது பட்டன் போன். யாருடையதென்று பார்க்கச் சொன்னாள்.

“எர்லான்னு போட்டிருக்கு.”

மீர்குல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “உசிரோட இருக்காரு அபா” என்று மாமியாரின் கையை இழுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் கை அசையவில்லை.

நூர்பெக் திரையை இன்னொரு முறை பார்த்தான்.

“தப்பா நெனைக்காதீங்க அக்கா. இந்தப் பெட்டி வெளிநாட்டுலேருந்தெல்லாம் வாங்காது. போன் இந்த வீட்டு வைஃபையைப் பிடிச்சாத்தான் ஏறும்.”

“அப்படின்னா?”

“ரொம்பக் கிட்டத்துல இருக்கு.” சுவரைப் பார்க்காமல் சொல்லத்தான் நினைத்தான். முடியவில்லை.

வீடியோவைத் திறக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தலையாட்டினாள் மீர்குல்.

எழுந்து கோட்டை மாட்டினாள். தலைத்துணியை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். பூட்ஸுக்குள் கால் போகாமல் சுவரில் சாய்ந்து நின்றாள்.

மாமியார் நடைவரை வந்தாள். இப்போது வழியை மறிப்பாள், எனக்கு ஒன்றும் தெரியாது என்று ரொட்டிமேல் சத்தியம் செய்வாள் என்று காத்திருந்தாள் மீர்குல். அப்படிச் செய்தால் நம்பிவிடலாம் என்றுகூட இருந்தது.

மாமியார் கதவைத் திறந்துவிட்டாள்.

“மெதுவாத் தட்டு. பேரன் இப்பத்தான் தூங்கினான்.”