ரயில் அக்காவின் ஜெபம்

ஒரு ஊர்ல துணி வெட்டுற கட்டர் ஒருத்தன் இருந்தான். அவன் டப்பாவுல ரெண்டு முட்டை இருந்தது. ஜெபம் முடிஞ்சு கண்ணைத் திறந்தா ஒண்ணுதான் இருந்தது.

முதல் நாள், அம்மா ஒன்றுதான் வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். மறுநாளும் ஒன்று. அன்றைக்கு அவனே பார்த்து வைத்திருந்தான்.

"காஜா சித்தி, இங்க பூனை கீனை ஏதாவது இருக்கா?"

"துணியை எலி கடிக்குது, பூனை வளர்க்கலாம்னு நானும்தான் சொல்றேன். யார் கேக்குறா?" என்றாள் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்கிற சித்தி, ரொட்டியைப் பிய்த்தபடி.

யூனிஃபார்ம் தைக்கிற கூடம் அது. அவன் துணி வெட்டச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மதியம் மெஷினெல்லாம் ஓய்ந்ததும் துணி வெட்டுகிற மேஜையைச் சுற்றி எல்லாரும் உட்காருவார்கள். டப்பா மூடியைத் தளர்த்திவிட்டுக் கண்ணை மூடுவார்கள்.

ஜெபம் பண்ணுவது காலர் தைக்கிற அக்கா. பட்டப்பெயர் ரயில் அக்கா. ஜெபம் பெட்டி பெட்டியாக வந்துகொண்டே இருக்கும். கடைசிப் பெட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அவன் வீட்டிலும் ஜெபம் உண்டு. "இந்த ஆகாரத்தை ஆசீர்வதியும், ஆமென்." அவ்வளவுதான். அதற்குள்ளேயே தம்பி ஒரு வாய் விழுங்கியிருப்பான்.

இங்கே அப்படியா?

"அன்பின் பரலோகப் பிதாவே, விரல்ல ஊசி ஏறாம காத்தீரே, ஸ்தோத்திரம். கரண்ட் போகாம காத்தீரே, ஸ்தோத்திரம். மேனேஜரோட முழங்கால் வலியைத் தொட்டுச் சுகமாக்கும். அவர் மச்சானுக்கு ஒரு நல்ல வேலையைக் கொடும்..."

"அந்த மச்சானை நீங்க பார்த்திருக்கீங்களாக்கா?" என்று ஜெபம் முடிந்ததும் கேட்டே விட்டான்.

"ஆண்டவர் பார்த்திருக்காருல்ல?"

"சாப்பாடு ஆறுதேக்கா."

"ஆறட்டும். வாய் வேகாது."

அதுகூடப் பரவாயில்லை. முட்டை எங்கே போகிறது? அதுதான் அவனைக் குடைந்தது.

ஓரம் அடிக்கிற தங்கச்சி மேல் சந்தேகம் வந்தது. புருஷன் இறந்த பிறகு முதல்முறையாக வேலைக்கு வந்தவளாம். மேஜைக் கோடியில் உட்காருவாள். யாரோடும் பேச்சில்லை. காலையில் அவள் மாட்டுகிற பை கனமே இல்லாமல் ஆடும். மதியம் பார்த்தால் டப்பாவில் ரொட்டி, கிழங்கு, எல்லாம் இருக்கும். நேற்று ஒரு முட்டையும் இருந்தது.

தன் முட்டைதானா? முட்டையில் பெயரா எழுதியிருக்கிறது?

மூன்றாம் நாள், மேனேஜரின் முழங்கால் வரைக்கும் பொறுத்துப் பார்த்தான். பிறகு மெல்ல ஒரு கண்ணைத் திறந்தான்.

ரயில் அக்காவின் கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன. வாய், "வழி தெரியாம நிக்கிறவங்க முன்னால நீரே நடந்து போம் ஆண்டவரே" என்று உருகிக்கொண்டிருந்தது. கை அவன் டப்பாவுக்குள் இருந்தது.

அடிப்பாவி!

அவனுடைய மற்றக் கண் தானாகத் திறந்துகொண்டது.

முட்டை சித்தியின் கைக்குப் போனது. சித்தி அதோடு அரை ரொட்டியைச் சேர்த்து அடுத்தவளிடம் நகர்த்தினாள். அவள் கொஞ்சம் கிழங்கு வைத்தாள். மேஜையைச் சுற்றி எல்லாக் கண்ணும் திறந்திருந்தது. சத்தமே இல்லாமல் கை மாறி, கை மாறி, எல்லாம் தங்கச்சியின் டப்பாவுக்குள் இறங்கியது.

தங்கச்சி மட்டும் கண்ணை இறுக மூடியிருந்தாள்.

சித்தி அவனைப் பார்த்துவிட்டாள். 'மூடுடா' என்று இமையாலேயே அதட்டினாள். மூடிக்கொண்டான்.

சாப்பாடு முடிந்து எல்லாரும் எழுந்து போனார்கள். அக்கா மட்டும் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனேக்கா."

"குடுத்திருப்பே. குடுத்துட்டு அவ முகத்தையும் பார்த்திருப்பே."

அக்கா குரலைத் தாழ்த்தினாள்.

"வந்த புதுசுல சித்தி அவகிட்ட ரொட்டியை நீட்டினா. 'நான் கொண்டு வந்திருக்கேன்'னு சொல்லிட்டு டப்பாவோட மாடிப்படிக்குப் போயிட்டா. பின்னாலயே போய்ப் பார்த்தேன். வெறும் டப்பாவுல கரண்டியைத் தட்டிச் சத்தம் காட்டிட்டு இருக்கா. மறுநாள், 'சாப்பிட வராட்டி போ, ஜெபத்துக்கு வா'ன்னு கூப்பிட்டேன். வந்தா."

"இப்ப டப்பாவைத் திறந்தா அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாம இருக்குமா? எது யார் வெச்சதுன்னுதான் தெரியாது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாப் போதும். நம்ம யார் முன்னாலயும் தலை குனிய வேணாம் பாரு."

அவன் கொஞ்ச நேரம் கத்தரியை வெறுமனே திறந்து மூடினான்.

"எல்லாம் சரிக்கா. ஆனா டப்பா நிறைய எவ்வளவு நேரம் ஆகப் போகுது? அதுக்கு எதுக்கு அந்த மச்சான் வரைக்கும் போறீங்க?"

"அந்த மச்சானுக்கு வேலை கிடைச்சு ரொம்ப நாளாச்சு" என்று சிரித்தாள் அக்கா. துடைத்த துணியை உதறி மடித்தாள்.

"டப்பா சட்டுனு நிறைஞ்சிடும் தம்பி. வீட்டுல பிள்ளைங்க முன்னால அவ அழ முடியாது. இங்க மெஷின் முன்னால அழ முடியாது. இந்த ஜெபத்துலதான் அவளுக்கு அழ இடம். அவ கண்ணைத் துடைக்கிறதைப் பார்த்துட்டுத்தான் நான் ஆமென் சொல்றேன்."

சொல்லிவிட்டு அக்கா தன் மெஷினை நோக்கி நடந்தாள்.