அம்பிகையின் அரிதாரம்

அடையாற்றுப் படப்பிடிப்புக் கொட்டகையின் பின்புறம் மாலை வெயில் தளர்ந்து சாய்ந்து கிடக்கிறது. அரிதாரம் கலைக்கும் கெங்கம்மாவின் முன்னே தாம்பாளத்தில் பீர்க்கங்கூடு, மல்துணி, பஞ்சு. அருகே நல்லெண்ணெய்க் கிண்ணம். அசுர வேடம் கட்டிய பக்கிரியின் கன்னத்தில் பீர்க்கங்கூடு கரகரக்கிறது. "இன்னாக்கா, நான் இன்னா கரிச்சட்டியா?" "சட்டின்னா இந்நேரம் வெளுத்துருக்குமே நைனா! உன் தோலுக்கு இந்த நாருதான் சரி." அவன் சிரித்தவாறே எழுந்து போக, படப்பிடிப்பில் அவனைப் பகலெல்லாம் வதைத்த களைப்போடு அம்பிகை வேடத்துக் கைசர் ஜஹான் வந்து அமர்கிறாள். கெங்கம்மா வழக்கம்போல் அத்திருமுகத்தைக் கைகூப்பித் தொழுத பின்னரே மல்துணியை எடுக்கிறாள். துணி பட்டதும் தேவியின் முகம் சுளிக்கிறது. "எரியுதுக்கா. கன்னம் புண்ணாயிட்டா நாளைக்கே வேற பொண்ணைப் போட்டுடுவாங்க." பஞ்சால் ஒற்றினாலும் எரிகிறது. நார் பிடித்துக் காய்த்த தன் விரல்களைக் கெங்கம்மா பார்க்கிறாள், அவையும் ஆகா. தாம்பாளத்தை ஒதுக்கிவிட்டு, கைசர் ஜஹானின் தலையைத் தன் மடியில் சாய்த்து, எண்ணெயைத் துளித்துளியாக விடுகிறாள். அது தானே வழிந்து வண்ணத்தைக் கரைக்கட்டும் என்று காத்திருக்கிறாள். பாதி முகம் தேவியாகவும் பாதி முகம் பெண்ணாகவும் கைசர் ஜஹான் உறங்கிப்போகிறாள். அவளை வீட்டுக்குக் கொண்டுபோக வந்த வண்டிக்காரன் வாசலில் மணியடித்து அழைக்கிறான். கெங்கம்மா அசையவில்லை, வழியும் எண்ணெய் அந்தக் கண்களுக்குள் இறங்காதபடி முந்தானையால் அணை கட்டியபடி அமர்ந்திருக்கிறாள்.