விண்ணப்பப் பெட்டி

பெரியநீலாவணைச் சபையில் ஜெப விண்ணப்பங்களைத் துண்டில் எழுதி வாசல் பெட்டியில் போடுவார்கள். ஆராதனையில் போதகர் ஒவ்வொன்றாக வாசிப்பார், எல்லாரும் ஜெபிப்பார்கள். வினோஜ் போன ஆழ்கடல் படகு திரும்பாமல் மூன்று வருடம். அவன் மனைவி தர்சிகா ஞாயிறுதோறும் ஒரே வரியை எழுதுவாள்: 'என் கணவர் வீடு வந்து சேர வேண்டும்.'

"கர்த்தருக்கு இப்ப இந்த வரி பாடமாயிருக்கும் புள்ள," என்றாள் பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த எமில்டா அக்கா.

"மறந்துட்டார் போல அக்கா."

சென்ற ஞாயிறு போதகர் தர்சிகாவின் துண்டை வாசித்து முடித்து, அடுத்ததை விரித்ததும் நிறுத்தினார்.

"தங்கச்சி, ஆரோ பகிடிக்கு எழுதிப் போட்டிருக்காங்க. இத விடுவம்."

தர்சிகா எழுந்து போய்ப் பார்த்தாள். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. கல்யாணத்துக்கு முன் அவளுக்கு வந்த கடிதங்களிலும் அதே சாய்வுதான்.

"பகிடி இல்ல ஐயா. அவர்ர எழுத்து. வாசிங்க."

போதகர் வாசித்தார்: 'என் மனைவி தர்சிகா காணாமல் போய் மூன்று வருடம். அவள் வீடு வந்து சேர வேண்டும்.'

சபை முழங்காலிட்டது. ஜெபம் முடிந்ததும் முதலில் ஆமென் சொன்னது தர்சிகா.