க்ளவுஸைக் கழற்றிய கை

"தொடாதே! தள்ளி நில்லு! நான் மடி!"

வாயிலிருந்து குழாயை எடுத்தே முந்தாநாள்தான். அந்தத் தொண்டையிலிருந்து இப்படி ஒரு சத்தமா? ஐ.சி.யூ. மொத்தமும் அந்தக் கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்தது.

நீட்டிய கையோடு அப்படியே நின்றாள் ரோஸ்லின் மன்னி.

கத்தினது அவளுடைய மாமியார், அதாவது என் கல்பகம் பெரியம்மா. அல்வால் வீட்டில் நாள் முழுக்க ஓடும் வசனம்தான் இது. அதே மூக்கு, அதே இழுப்போடு நான் அவள் குரலில் பேசிக் காட்டினால் பால்காரரே கேட்டுக்கு வெளியே நின்றுவிடுவார்.

ஆனால் ஆஸ்பத்திரியிலுமா?

நடந்தது இதுதான். பெரியம்மாவுக்கு நிமோனியா. வீட்டுப் பக்கத்து நர்ஸிங் ஹோமில் சரிப்படாமல் இங்கே கொண்டுவந்தோம். வேறு ஆஸ்பத்திரியிலிருந்து யார் வந்தாலும் இங்கே முதல் மரியாதை, பஞ்சு சுற்றிய ஒரு குச்சி. மூக்கில் ஒரு துடை, இன்னோர் இடத்தில் ஒரு துடை, நேரே லேபுக்கு. அந்த இன்னோர் இடம் எது என்று பெரியம்மா இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. மடிசாரின் மானம்!

இன்று காலை ரிசல்ட் வந்தது. வாசலிலேயே எங்களை மடக்கிவிட்டார் நர்ஸ் டேனியல். செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்; 'வேண்டாம்', 'கூடாது' எல்லாமே அவருக்கு 'நக்கோ'தான்.

"அம்மாக்கு நிமோனியா குறையுது, டென்ஷன் நக்கோ. ஆனா உடம்புல ஒரு கிருமி இருக்கு. இப்ப ஒண்ணும் பண்ணலை, சும்மா குடியிருக்கு. பெரிய பெரிய ஆன்ட்டிபயாடிக்குக்கே அடங்காத ஜாதி. கைவழியாத்தான் பரவும். அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். பக்கத்து பெட்டுக்கோ, வீட்டுல சின்னவங்களுக்கோ போச்சுன்னா கஷ்டம். கவுன், க்ளவுஸ் இல்லாம உள்ள போறது நக்கோன்னா நக்கோ!"

மன்னி தலையாட்டினாள். கைக்குழந்தையை ஹப்சிகுடாவில் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். கவுன், க்ளவுஸ் எல்லாம் ஒழுங்காய்ப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போனாள்.

கட்டில் பக்கத்தில் போனதும் தன் நீலக் கையையும் பெரியம்மாவின் வாடிப்போன முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சட்டென்று க்ளவுஸைக் கழற்றிவிட்டாள்.

"ரப்பர் கையால தொட்டா உங்க மனசு நொந்துபோயிரும்லா, அத்தை? வீட்டுலதான் தொட விடமாட்டீக. இங்கயாவது ஒருக்கா கையைப் பிடிச்சிக்கிடுதேன்."

கையை நீட்டினாள். அப்போது வந்ததுதான் அந்தக் கத்தல்.

வெளியே வந்த மன்னி, டேனியல் காட்டிய இடத்தில் கை கழுவிக்கொண்டே அழுதாள். சோப்பு நுரையோடு கண்ணைத் துடைக்கவும் முடியவில்லை, பாவம்.

பெரியம்மாவின் பிள்ளை பிரசன்னா அண்ணாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"செத்துப் பிழைச்சு வந்திருக்கா. இப்பவும் மடியாம், மடி! அம்மா மாறவே மாட்டா. போதும் ரோஸ். அல்வால் வேண்டாம். நாம ஹப்சிகுடாவிலேயே வீடு பார்த்துண்டு போயிடலாம்."

"அத்தை தனியா என்ன செய்வாவ?" என்றாள் மன்னி, அழுகைக்கு நடுவிலேயே.

எனக்குப் பொறுக்கவில்லை. கவுனை மாட்டி, க்ளவுஸை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

அங்கே என்ன காட்சி என்கிறீர்கள்? க்ளவுஸ் போட்ட டேனியல் கையால் ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள் பெரியம்மா! "இன்னொரு வாய் குடுப்பா, டேனியல்" என்று கொஞ்சல் வேறு.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அவள் குரலிலேயே ஆரம்பித்தேன்.

"தொடாதே! தள்ளி நில்லு! நான் மடி!"

டேனியல் திடுக்கிட்டதில் ஸ்பூன் தண்ணீர் தலையணையில். பெரியம்மாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"இழுப்பு ஜாஸ்திடி, ஹம்ஸினி. 'தள்ளீ'ன்னு நான் அவ்வளவு நீட்டறதில்லே."

"சிரிக்காதே பெரியம்மா. மன்னி அங்கே அழறா. அண்ணா தனிக்குடித்தனம் போறேங்கறான்."

சிரிப்பு நின்றது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றிருந்த மன்னியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கத்தினதிலே தொண்டை போயிடுத்து. நீதான் என் குரல்ல நன்னாக் கத்துவியே, கூப்பிடு அவளை. க்ளவுஸைப் போட்டுண்டு வந்து, எத்தனை நாழி வேணுமானாலும் கையைப் பிடிச்சுக்கச் சொல்லு."

"அப்போ மடி?"

"மடியாவது மண்ணாவது! அந்தக் கையாலேதானேடி வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்குவா?"



"அதைச் சொல்லித் தொலைக்கறதுதானே பெரியம்மா? கிருமி இருக்கு, தொடாதேன்னு?"

"கிருமின்னா, 'இருந்துட்டுப் போகட்டும் அத்தை'ன்னு கையைப் பிடிச்சிண்டிருப்பா. மடின்னாத்தான் தள்ளி நிப்பா. கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து நான் அவளுக்குப் பழக்கி வெச்சது அது ஒண்ணுதானே!"