முழங்கை வரை

அழைப்பிதழின் அடியில் இருந்த அந்த ஒரு வரிதான் எங்கள் தெரு முழுக்கப் பேச்சு.

'உடை: அ ரிகோர். பெண்கள் முழங்கை வரை கையுறை அணிந்து வரவும்.'

தைனாராவுக்குப் பதினைந்து வயது நிறைகிற விருந்து. அழைப்பிதழில் உடையைப் பற்றி ஒரு வரி போடுவது இங்கே வழக்கம்தான். ஆனால் 'நல்ல உடுப்பாக' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். 'அ ரிகோர்' என்றால் ஆண்களுக்குக் கோட்டு, பெண்களுக்குத் தரையைத் தொடும் கவுன். அதற்கு மேல் கையுறை என்பது மேயர் வீட்டுக் கல்யாணத்தில்கூட இல்லாதது.

"இந்த வெயில்ல கையுறையா? இங்க என்ன பனியா கொட்டுது?" என்றாள் மார்லூசி. தைனாராவின் சொந்த அத்தை. "எங்க அண்ணி ஐராசெமாவுக்கு மகாராணின்னு நினைப்பு."

கையுறையோடு கோழி உருண்டையை எப்படித் தின்பது என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஒருத்தி ஜன்னல் திரையை வெட்டித் தைத்துக்கொண்டாள். நான் கைக்குழந்தைக்காரி, கடை கடையாக அலைய முடியுமா? நாத்தனாரிடம் இரவல் வாங்கி வைத்தேன்.

ஆனால் எல்லாருக்கும் நிஜமான வருத்தம் லிண்டால்வாவை நினைத்துத்தான்.

தைனாராவின் ஞானத்தாய் அவள். முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைப்பவள். ஐராசெமா பிரசவத்தில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, தன் பிள்ளையோடு தைனாராவுக்கும் பால் கொடுத்தவள். விருந்தில் பெண் ஆடும் நடனத்துக்கு முன்னால் ஞானத்தாய்தான் பெண்ணைக் கைபிடித்து நடுவே கூட்டிவர வேண்டும். அவளோ, எனக்கு உடம்பு முடியலை, வேற யாரையாவது வெச்சு நடத்துங்க என்று சொல்லிவிட்டாளாம்.

"உடம்பாவது ஒண்ணாவது," என்றாள் மார்லூசி. "கவுனுக்கும் கையுறைக்கும் அவ எங்க போவா? அவ வரக்கூடாதுன்னே போட்ட வரி அது."

நாங்களும் தலையாட்டினோம்.

விருந்தன்று மண்டபத்தில் காற்றே இல்லை. கையுறைக்குள் வேர்த்துக்கொண்டு எல்லாரும் வாசலையே பார்த்தோம். வாத்தியம் தொடங்கியது.

லிண்டால்வா வந்தாள். நீலக் கவுன், முழங்கை வரை வெள்ளைக் கையுறை. தைனாரா கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு, தலைநிமிர்ந்து, அத்தனை பேர் நடுவிலும் நடந்தாள்.

நடனம் முடிந்து தைனாரா எங்கள் மேஜைக்கு வந்தாள். மார்லூசியால் சும்மா இருக்க முடியவில்லை.

"அவளுக்குக் கையுறை வாங்கிக் குடுத்தது உங்கம்மாதானே? ஊர் வாய்க்குப் பயந்து குடுக்கறதுக்கு, அந்த வரியைப் போடாமலே இருந்திருக்கலாம்ல?"

"போடச் சொன்னது நான்தான் அத்தை," தைனாரா மெதுவாகச் சொன்னாள். "அட்டை அடிக்கறதுக்கு முன்னாடியே லிண்டால்வாம்மா வரமாட்டேன்னுட்டாங்க. எல்லாருக்கும் கையுறைன்னு ஆனப்புறம்தான் சம்மதிச்சாங்க."

"ஏனாம், அப்படி என்ன?"

"போன வருஷம் கோவில்ல, என் உறுதிபூசுதல் சடங்கப்போ, அவங்க என் தோள்ல கை வெச்சாங்கல்ல? 'முந்திரிக் கறை ஏறின கை, வெள்ளை உடுப்புல ஒட்டிக்கும், எடு'ன்னு சொன்னது நீங்கதானே அத்தை."