இடது பக்கச் சத்தம்

"உன் வாயால சொல்லு டாரில். எங்கப்பா வண்டியில அடிச்சட்டம் விரிசல் விட்டிருக்கா, இல்லையா?"

ஒர்க் ஷாப்புக்குள் நுழைந்ததும் லினெட் கேட்ட முதல் கேள்வி அதுதான். விடியுமுன் மெல்போர்னில் கிளம்பி, நாலு மணி நேரம் ஓட்டி வந்திருக்கிறாள். வந்த களைப்பெல்லாம் கோபமாகத்தான் இருந்தது.

"விட்டிருக்கு. அந்த வண்டி இனிமே ரோட்டுல இறங்கக்கூடாது," என்றான் டாரில், கையைத் துடைத்துக்கொண்டே.

"பின்னாடி நிக்குதே, அதுக்கு அடியில படுத்து டார்ச் அடிச்சுப் பார்த்துட்டுதான் வரேன். மயிரிழைகூட விரிசல் இல்ல. டிராக்டருக்கு அடியில வளர்ந்தவ நான். என்கிட்டயே கதை விடறியா?"

ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போய்வந்தவர்கள்தான் இருவரும். அதுதான் அவளுக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

அவள் அப்பா கிளாரிக்கு எண்பத்து மூன்று வயது. ரெண்டு மாசம் முன்னால் பக்கத்து டவுன் ஹார்ஷத்துக்குப் போகிற வழியில், வண்டியின் இடது பக்கம் டர்ர்ர் என்று ஒரு சத்தம். ஹார்ஷத்தில் ஒரு கடைக்காரன் பேரிங்கை மாற்றினான். இன்னொருவன் சைலன்ஸரைக் கழற்றி மாட்டினான். ரெண்டு பேருமே ஓட்டிப் பார்த்துவிட்டு, சத்தமே இல்லையே பெரியவரே என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாளே சத்தம் திரும்ப வந்துவிட்டது.

கடைசியில் உள்ளூர் டாரிலிடம் விட்டார். அவன் ஒரே நாளில், அடிச்சட்டம் போச்சு என்று சொல்லி, சாவியை எடுத்து மேஜைக்குள் வைத்துப் பூட்டிவிட்டான்.

"எங்கம்மா ஹார்ஷத்துல முதியோர் ஹோம்ல இருக்கறது உனக்குத் தெரியும்," என்றாள் லினெட். "பெத்த பொண்ணு என்னையே மறந்துட்டா. ஆனா அப்பா ஸ்பூனை நீட்டினா மட்டும் வாயைத் திறக்கறா. நர்ஸ் கொடுத்தா பல்லைக் கடிச்சுக்கறா. தினம் ஐம்பது மைல் போய்வந்து ஊட்டின மனுஷன் அவரு."

"தெரியும். அதான் திங்கள், புதன், வெள்ளி நான் கூட்டிட்டுப் போறேன்ல?"

"பெரிய தர்மம் பண்ணிட்ட. மத்த நாலு நாள்? அம்மா எட்டு கிலோ இளைச்சுட்டா டாரில். நல்லா இருக்கற வண்டியைப் பூட்டி வெச்சுக்கிட்டு, ஒரு கிழவியைப் பட்டினி போடற. வண்டி மேல கண்ணா? ஊரே உன்னைத் திருடங்குது."

"உங்கப்பாதான் அப்படிச் சொல்லிட்டுத் திரியறாரு. சொல்லட்டும்."

"சாவியைக் கொடு. இல்லன்னா நேரா போலீஸுக்குப் போறேன்."

டாரில் மேஜையைத் திறந்து, சாவியை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

"எடுத்துக்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். உங்கப்பா ஓட்ட, நீ பக்கத்துல உக்காந்து போய் எவ்வளவு நாளாச்சு?"

லினெட் யோசித்தாள். ரெண்டு வருஷமா, மூணா?

"முதல் ரெண்டு கடைக்காரங்களும் சாவியை வாங்கித் தாங்களே ஓட்டிப் பார்த்தாங்க. சத்தம் எப்படி வரும்? நான் அவரை ஓட்டவிட்டுப் பக்கத்துல உக்காந்தேன். ரோட்டோர வெள்ளைக் கோட்டுல வரிவரியா மேடு போட்டிருக்கான் பாரு, தூங்கி வழியறவன் முழிச்சுக்கட்டும்னு. சக்கரம் அதுல ஏறினா டர்ர்ர்னு வரும். ஹார்ஷம் வரைக்கும் அவரு அதுமேலதான் ஓட்டினாரு லினெட்."

அவள் சாவியைத் தொடவில்லை.

"இடது பக்கம் அவருக்குக் கண்ணு தெரியல. தெரியலங்கறதே அவருக்குத் தெரியல. திரும்பி வரும்போது ஸ்கூல் பசங்க பஸ்ஸை விட்டு இறங்கி ஓரமா நின்னுட்டு இருந்தாங்க. நான் ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுத்தேன். அவரு என்ன கேட்டாரு தெரியுமா? ஏண்டா என் வண்டியில கை வைக்கறேன்னு என்னைத் திட்டினாரு. பசங்களை அவரு பார்க்கவே இல்ல."

"இதை ஏன் என்கிட்ட சொல்லல?"

"ரெண்டு தடவை போன் பண்ணேன். மீட்டிங்ல இருக்கேன்னு வெச்சுட்ட."

லினெட்டுக்கு அந்த ரெண்டு போனும் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது.

"அவர்கிட்டயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்."

"கண்ணு போச்சுன்னு சொன்னா, அந்த மனுஷன் படுத்துடுவாரு. அப்புறம் வாரத்துல மூணு நாள்கூட ஊட்ட ஆள் இருக்காது. வண்டி போச்சுன்னா என்னைத் திட்டிக்கிட்டு இருப்பாரு. திட்டிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

மணி பதினொன்று ஆகியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. கிளாரியை ஹோமுக்குக் கூட்டிப் போக, டாரில் கடைக் கதவை இழுத்து மூடினான்.

வெளியே அவனுடைய பிக்கப் வண்டியில், தொப்பியும், மடியில் மனைவிக்கு ஊட்டும் கஸ்டர்டு டப்பாவுமாகக் கிளாரி உட்கார்ந்திருந்தார். லினெட் அவருடைய இடது பக்க ஜன்னலை ஒட்டிப் போய் நின்றாள். கை நீட்டினால் தொடலாம். அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா."

தூக்கிவாரிப் போட, கழுத்தை முழுக்கத் திருப்பினார். "எப்ப வந்து நின்ன? சாவியைக் கொடுத்தானா அந்தத் திருட்டுப் பய?"

லினெட் ஒருமுறை டாரிலைத் திரும்பிப் பார்த்தாள்.

"நானே அடியில படுத்துப் பார்த்தேன்ப்பா. அடிச்சட்டம் ரெண்டு இடத்துல விரிசல் விட்டிருக்கு. இனிமே ஓட்டவே கூடாது. சனி, ஞாயிறு நான் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன்."

கிளாரி கஸ்டர்டு டப்பாவின் மூடியைத் திறந்து, திரும்ப மூடினார்.

"நீயே பார்த்துட்டியா? அப்ப சரி," என்றார். "அவனாட்டம் நீ பொய் பேசமாட்ட."